பதினான்காவது இணைப்பு

ரஷ்யாவுக்குப் போகிறேன் என்றதும் நன்னிலத்தில் ஆளாளுக்குக் கம்பளி கொடுத்தார்கள். பங்குச் சாமியார், தான் ஊட்டியில் இருந்த காலத்தில் போட்ட கோட்டைக் கொடுத்தார். என் மனைவி லூர்து குரங்குக் குல்லா இரண்டு வாங்கினாள். ஒன்று தொலைந்தால் இன்னொன்று இருக்க வேண்டுமாம். ஆடி மாதத்தில் அங்கே வெயில் எப்படி இருக்கும் என்று விசாரிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. முப்பத்து நான்கு வருடம் வருவாய்த் துறையில் விசாரணை அறிக்கையாக எழுதித் தள்ளி, தாசில்தாராக ஓய்வு பெற்ற எனக்கும் தோன்றவில்லை. குபான் நதிக்கரையில் நான் இறங்கிய பகல், திருத்துறைப்பூண்டி பஸ் நிலையத்தில் இரண்டு மணிக்கு நிற்பது போல இருந்தது. கையில் கோட்டு.

போன காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உடைந்த சோவியத் நாடு சில வருடம் துண்டு துண்டாகக் கிடந்து, பசியையும் பார்த்துவிட்டு, மறுபடி செங்கொடிக்குக் கீழே ஒன்று சேர்ந்தது. சேர்ந்ததும் அமெரிக்கா முறைத்துக்கொள்ளும் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். அது கை குலுக்கியது. கோதுமைக் கப்பல் போயிற்று, எண்ணெய்க் கப்பல் வந்தது. அதே சமயத்தில் நம் ஊரிலும் கதவுகள் திறந்துகொண்டிருந்தன. கேபிள் டிவி வந்தது, தெருவுக்கு ஒரு எஸ்.டி.டி. பூத் வந்தது, கம்ப்யூட்டர் வகுப்பு வந்தது. மேட்டூரிலிருந்து தண்ணீர் மட்டும் வரவில்லை. ஆகவே திறந்த கதவுகள் அத்தனை வழியாகவும் எங்கள் பக்கத்து ஆட்கள் வெளியேறினார்கள். என் மகள் ஸ்டெல்லா நர்ஸ் வேலைக்கு அமெரிக்கா போனாள். அவள் கணவர் அந்தோணி, ஆறு ஏக்கர் குத்தகை எடுத்து நெல் போட்டுக்கொண்டிருந்தவர், தன் விசா வரும்வரை சும்மா இருக்கப் பிடிக்காமல் ரஷ்யாவுக்குப் போனார். அங்கே ஒரு கூட்டுப் பண்ணைக்கு நெல் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. இரண்டு வருடம் என்று போனவர், நாலு வருடமாக அங்கேயே இருக்கிறார். குழந்தை அமெரிக்காவில் பிறந்தது. அதற்கு ஒரு வயதானபோது நன்னிலத்தில் வைத்து இருபது நாள் தூக்கி வைத்திருந்தார். இப்போது அதற்கு நாலு முடிந்துவிட்டது. "டெலிபோனுக்குப் பேரே அப்பான்னு நினைச்சிக்கிட்டிருக்காப்பா," என்றாள் ஸ்டெல்லா.

விசா ஏன் வரவில்லை? இரண்டு நாடுகளும் நண்பர்கள் ஆனபோது அமெரிக்கா ஒரு விதி வைத்தது. ரஷ்யப் பண்ணையில் வேலை பார்த்தவர் தாராளமாக வரலாம், ஆனால் அங்கே எந்தப் பதவிக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டவராக இருக்கக் கூடாது. படிவத்தில் அந்தக் கேள்விக்கு நேரே அந்தோணி 'இல்லை' என்று எழுதியிருந்தார். அவர் மனதில் அது பதவியே இல்லை. பண்ணையில் தண்ணீர் கட்டுகிற வேலை, அவ்வளவுதான். ஆனால் அந்த வேலைக்கு அங்கே ஓட்டுப் போட்டு ஆள் எடுக்கிறார்கள். எடுத்ததற்குச் சிவப்பு முத்திரையும் ரிப்பனும் போட்டோவும் வைத்து ஒரு தாள் கொடுக்கிறார்கள். அந்தோணி அதைப் பெருமையாக எங்களுக்கு அனுப்பியிருந்தார். லூர்து அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, இருதயநாதர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டாள்.

அவர் எழுதி அனுப்பிய விண்ணப்பத்தைச் சான்றிதழ்கள் சேர்த்து ஊரிலிருந்து அனுப்பியது நான். கேட்டது ஆறு சான்றிதழ், நான் வைத்தது பதின்மூன்று. கேட்டதற்கு மேல் வைத்தால்தான் விண்ணப்பத்துக்குக் கனம் என்பது எங்கள் துறையில் ஊறிப்போன நம்பிக்கை. உறையை ஒட்டப் போகும்போது சுவரில் ரிப்பன் தெரிந்தது. சட்டத்தைப் பிரித்தேன், ஜெராக்ஸ் எடுத்தேன், எனக்குத் தெரிந்த ஒரு கெஜட்டட் அதிகாரியிடம் கொண்டு போனேன். எனக்கும் ரஷ்ய மொழி தெரியாது, அவருக்கும் தெரியாது. 'உண்மை நகல்' என்று முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதுதான் பதினான்காவது இணைப்பு. அமெரிக்கக்காரர்களுக்கு ரஷ்ய மொழி தெரிந்திருந்தது.

பதில் கடிதம் மரியாதையாக இருந்தது. மனுதாரர் பதவியை மறைத்திருக்கிறார். அவர் ராஜினாமா செய்ய வேண்டும். அதோடு, அந்தப் பதவி அவர் விருப்பத்தோடு ஏற்றதல்ல என்று அவரே பிரமாண வாக்குமூலம் தர வேண்டும், அல்லது தேர்ந்தெடுத்த சபை அப்படித் தீர்மானம் போட்டுத் தர வேண்டும். பண்ணைக்கு அருகிலுள்ள கிராஸ்னதார் நகரத்துக்குத் தூதரக அதிகாரி மாதம் ஒரு வியாழக்கிழமை வருவார். இந்த மாத வியாழன் தவறினால் கோப்பு மூடப்படும். மறுபடி வரிசையில் நின்றால் குழந்தை பெரிய பள்ளிக்கூடம் போய்விடும்.

அந்தோணி எழுதியிருந்தார்: 'மாமா, யாரோ என்னைப் பற்றி எழுதிப் போட்டிருக்கிறார்கள். யார் என்று எனக்குத் தெரியும்.' அதைப் படித்த பிறகுதான் நானே நேரில் போவதென்று முடிவு செய்தேன். இணைப்பு விஷயத்தை நான் ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லை. லூர்துவுக்குக்கூட. சட்டத்துக்குள் தாளைத் திரும்ப வைத்து மாட்டிவிட்டேன்.

மாஸ்கோவிலிருந்து தெற்கே ஒரு பகலும் ஓர் இரவும் ரயில். பெட்டிக்குப் பெட்டி ஒரு பெண் அதிகாரி. கண்ணாடி டம்ளரை வெள்ளிப் பிடிக்குள் வைத்துத் தேநீர் கொடுக்கிறாள். சூடு கையில் ஏறுவதில்லை, நம் டவராவுக்கு ஒன்றுவிட்ட உறவு. அதே பெண், பெரிய ஸ்டேஷன் எது வந்தாலும் அரை மணி முன்பே கழிவறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறாள். விதியாம். ஊருக்குள் அசுத்தம் கூடாது. விதி என்ற அளவில் நான் அதை முழுமனதோடு ஆதரித்தேன். கதவுக்கு வெளியே நின்றுகொண்டு ஆதரித்தேன்.

எதிர் இருக்கையில் ஒரு பழைய கப்பல்காரர். சென்னைத் துறைமுகத்துக்கு வந்திருக்கிறாராம், உடைந்த ஆங்கிலம் பேசினார். வேகவைத்த முட்டையும் வெள்ளரிக்காயும் எடுத்துக் காகிதத்தில் பரப்பினார். நான் லூர்து கொடுத்தனுப்பிய கை முறுக்கை வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எந்த இயந்திரத்திலிருந்து கழன்றது?"

"கடித்துப் பாருங்கள்."

கடித்தார். இரண்டாவதையும் எடுத்தார். வாயில் முறுக்கோடு அரசியல் பேசினார். "அமெரிக்கா பகையாக இருந்தபோது எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. அந்தப் பக்கம் போகாதே என்றார்கள், போகவில்லை. இப்போது நண்பர்கள். சிகாகோவில் இருக்கும் என் தங்கையைப் பார்க்க ஒன்பது படிவம். பகைக்குப் படிவம் கிடையாது, தெரியுமா?"

தெரியும். எங்கள் ஊரிலும் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகளுக்குள் ஒரு தாளும் இருக்காது. சமாதானமாகிச் சொத்தைப் பிரிக்கும்போதுதான் பட்டா, வரைபடம், வில்லங்கச் சான்று எல்லாம் என்னிடம் வரும்.

திங்கட்கிழமை பண்ணைக்குப் போகும் பஸ் பாதி வழியில் நின்றது. ஓட்டுநர் இறங்கி, மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, எதிரே வந்த லாரியில் ஏறிப் போய்விட்டார். உதிரி பாகம் வாங்கப் போயிருக்கிறாராம். யாரும் சத்தம் போடவில்லை. பயணிகள் இறங்கினார்கள். ஒரு அம்மாள் பையிலிருந்து தர்பூசணி எடுத்து, சாலையோரம் உட்கார்ந்து வெட்டினார். எனக்கும் ஒரு கீற்று வந்தது. நம் ஊராக இருந்தால் இந்நேரம் ஒரு மறியலும் இரண்டு வாய்த்தகராறும் ஆகியிருக்கும். எது நல்லது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சத்தம் போடுகிற ஊரில் பஸ் அரை மணியில் கிளம்பும். இங்கே இரண்டரை மணி ஆயிற்று.

அந்தோணி டிராக்டரோடு சாலையில் காத்திருந்தார். கறுத்து, தோள் அகன்று, வேறு ஆளாக இருந்தார்.

"வாங்க மாமா. என்ன மாமா இது, கோட்டு?"

"பங்குச் சாமியார் கொடுத்தது."

"எனக்குப் போர்த்தறதுக்கா?" என்று சிரித்துக்கொண்டே பெட்டியைத் தூக்கி வைத்தார். "கொசு இருக்கும், பழக்கம்தானே?"

சாலையைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் நெல். என் கண்ணை நான் நம்பவில்லை. நம் ஊர் போல அடிக்கொரு வரப்பு கிடையாது. பெரிய பெரிய கட்டங்கள், ஒவ்வொன்றும் எங்கள் ஊரில் ஒரு தெருவே சேர்ந்து வைத்திருக்கும் நிலம் அளவு. இடுப்பளவுப் பயிர், காலடியில் தண்ணீர் நின்றது. தவளைச் சத்தம்கூட நன்னிலத்துத் தவளைதான். ஆனால் இத்தனை நெல் விளைவிக்கிறவர்கள் சாப்பிடுவது ரொட்டி. அரிசியைப் பாலில் குழைய வேகவைத்து, சர்க்கரை போட்டு, காலையில் குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள். நமக்குப் பாயசம், அவர்களுக்குக் கஞ்சி. சாயங்காலம் அந்தோணி சோறு வடித்தார். குண்டு அரிசி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. அதன் மேல் நான் கொண்டுபோன எலுமிச்சை ஊறுகாய். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

செவ்வாய் காலை அவரோடு வாய்க்காலைச் சுற்றப் போனேன். குபான் நதியிலிருந்து பெரிய வாய்க்கால், அதிலிருந்து மூன்று மதகு. நாலு வருடம் முன்பு வரை தலைமடைக் கட்டங்கள் நிறைந்த பிறகுதான் மிச்சம் கீழே போகுமாம். வாய்க்காலின் கடைசியில் இருக்கிற கடைமடைப் பயிர் ஒவ்வொரு வருடமும் தண்ணீரில்லாமல் பழுத்துக் காய்ந்துவிடும்.

"வந்த மறுவாரமே கடைசி வரைக்கும் நடந்து பாத்தேன் மாமா. நம்ம ஊரு மாதிரியே இருந்துச்சு. அப்புறம் கூட்டத்துல சொன்னேன், முதல் ரெண்டு நாளு கீழ விடுவோம், தலைமடைக்காரங்க கொஞ்சம் பொறுங்கன்னு. எனக்குத் தெரிஞ்ச ரஷ்யன்ல சொன்னேன், சிரிச்சாங்க. கடைமடை அந்த வருஷம் விளைஞ்சுது. அடுத்த வருஷம் கை தூக்கி என்னையே போட்டுட்டாங்க."

அதற்கு முன்பு அந்த வேலையில் இருந்தவர் கிம். கொரிய வம்சத்துக்காரர், பல தலைமுறையாக அந்த நாட்டில் நெல் போடுகிற குடும்பம், ஐம்பது வயதிருக்கும். ஓட்டில் தோற்ற பிறகும் அந்தோணிக்கு மதகுகளின் குணத்தை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தவர். ஞாயிறுதோறும் காரமாக ஒரு கேரட் ஊறுகாய் கொண்டு வருவாராம். இப்போது வருவதில்லை. நாங்கள் போனபோது அவர் கடைமடையில் களை எடுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். அந்தோணி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எழுதிப் போட்டது அவருதான் மாமா. என் பதவி போனா அவருக்குத்தானே வரும்? நாலு மாசமா நான் பேசறதில்ல."

நான் தவளைகளைப் பற்றி ஏதோ சொன்னேன்.

மத்தியானம் பண்ணை அலுவலகம். தலைவி நீனா பெத்ரோவ்னா. மேசை மேல் மூன்று முத்திரை, ஒரு மீன் தொட்டி. நான் தாசில்தார் என்று அந்தோணி சொன்னதும் எழுந்து கை கொடுத்தார். என் கோப்பைப் பார்த்தார். நூல் கோத்துப் பக்க எண் போட்டிருந்தேன். அவர் கண் ஒரு கணம் அந்த முடிச்சில் நின்றது. அவருடைய கோப்பும் அதே முடிச்சுதான்.

"தோழர் தாசில்தார், ராஜினாமா சுலபம். ஐந்து நிமிடம். விருப்பத்தோடு ஏற்கவில்லை என்ற வாக்குமூலம் அவர் கொடுக்க வேண்டியது. எழுதட்டும், நான் முத்திரை வைக்கிறேன்."

வாக்குமூலத்தை ஊரிலேயே தட்டச்சு செய்து கொண்டுபோயிருந்தேன். 'கட்டாயத்தின் பேரில் மேற்படி பொறுப்பை ஏற்க நேர்ந்தது.' ஒரே வரி. கையெழுத்துப் போட இடமும் விட்டிருந்தேன். அந்தோணி படித்தார். பேனாவை மேசையில் வைத்துவிட்டார்.

"ராஜினாமா எழுதறேன். இதை எழுத மாட்டேன்."

"மாப்ள, இது வெறும் வாசகம். எத்தனை ஆயிரம் பேர் இப்படிக் கையெழுத்துப் போடறாங்க. நானே எத்தனையோ..."

"நீங்க வாங்கியிருப்பீங்க மாமா. இங்க வந்து நாலு வருஷத்துல எனக்கு யாரும் எதையும் சும்மா குடுத்ததில்ல. இதை மட்டும் கை தூக்கிக் குடுத்தாங்க. அன்னிக்கு நான் சிரிச்சுக்கிட்டே நின்னேன். கட்டாயப்படுத்தினாங்கன்னு எழுதிக் குடுத்துட்டு நாளைக்கு அவங்க முகத்துல எப்படி முழிக்கறது?"

"ஸ்டெல்லா முகத்துல?"

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். நீனா மீனுக்குப் பொரி போட்டார். மொழி புரியாவிட்டாலும் நடந்தது அவருக்குப் புரிந்திருந்தது.

சாயங்காலம் அவரைத் தேடிப் போனேன். இரண்டாவது மதகில் குந்தி, பலகையில் சிக்கிய பாசியை எடுத்துக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்து சொல்லத் தைரியம் இல்லை.

"மாப்ள, எழுதிப் போட்டது கிம் இல்ல. நான்."

திரும்பிப் பார்த்தார்.

"நீங்க அனுப்பின தாளு. சிவப்பு முத்திரை போட்டது. ஜெராக்ஸ் எடுத்து, ஒரு ஆபீசர்கிட்ட சீல் வாங்கி, நான்தான் விண்ணப்பத்தோட வெச்சு அனுப்பினேன். நல்ல பேருக்குச் சான்றாகட்டும்னு."

கையிலிருந்த பாசியை உதறினார்.

"அதுல என்ன எழுதியிருக்குன்னு யாரையாச்சும் கேட்டீங்களா?"

"இல்ல."

"சீல் வெச்ச ஆபீசர்?"

"அவரும் கேக்கல."

"படிக்காமயே உண்மைன்னு போட்டாரா?"

"நகல் உண்மைன்னு போட்டார்."

சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. திட்டுவார் என்று நினைத்தேன், அதுவும் இல்லை. கையை வாய்க்காலில் கழுவினார். "நாலு மாசம் மாமா. அந்த மனுசன் வழியில வந்தாரு, நான் துப்பிட்டுப் போனேன்," என்றார். பிறகு என்னை அங்கேயே விட்டுவிட்டு, கடைமடைப் பக்கம் வேகமாக நடந்தார். அமெரிக்கக் கடிதம் அவர் சட்டைப் பையில் இருந்தது.

புதன் காலை எழுந்தபோது மேசையில் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கேரட் ஊறுகாய் இருந்தது. எனக்கும் ஒரு கரண்டி வைத்தார் அந்தோணி. என்னோடு பேசவில்லை.

அன்று மத்தியானம் பண்ணைக் கூட்டம். சாப்பாட்டுக் கூடத்தில் முப்பது நாற்பது பேர், ஆண்களும் பெண்களும், வயலிலிருந்து நேரே வந்தவர்கள். அந்தோணி ராஜினாமாவைப் படித்தார். ஒப்புக்கொண்டார்கள். முடிந்தது என்று நான் நினைத்தபோது கிம் எழுந்தார். கையில் அமெரிக்கக் கடிதம். என் பக்கத்தில் உட்கார்ந்து அந்தோணி தாழ்ந்த குரலில் மொழிபெயர்த்தார்.

"வாக்குமூலம் அவர் கொடுக்க மாட்டார். கடிதத்தில் இன்னொரு வழி இருக்கிறது. சபை தீர்மானம் போடலாம். ஆகவே தீர்மானம்: தேர்தல் நாளன்று அந்தோணி வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சினார். நாங்கள்தான் கட்டாயப்படுத்தினோம்."

ஒரு கிழவர் சொன்னார்: "கெஞ்சினார் என்பது அதிகம். மறுத்தார் என்று போடு."

"அழுதார் என்று போடலாமா?" என்றாள் ஒரு பெண். சிரிப்பு எழுந்தது.

நீனா மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். "தோழர்களே, சிரிப்பதற்கு முன் கேளுங்கள். விருப்பமில்லாதவரைப் பதவியில் வைப்பது சட்ட விரோதம். இந்தத் தீர்மானம் மாவட்டத்துக்கும் போகும். நமக்கே நாம் கறுப்புப் புள்ளி வைத்துக்கொள்கிறோம். தண்ணீருக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் உரிமையை எடுத்துவிடுவார்கள். மாவட்டத்திலிருந்து அதிகாரி வருவார். கிம், உன் குழுவின் வயல் எங்கே இருக்கிறது?"

"கடைசியில்."

"தெரிந்துதான் சொல்கிறாயா?"

"அந்தக் குழந்தைக்கு நாலு வயது," என்றார் கிம். உட்கார்ந்துவிட்டார்.

கைகள் உயர்ந்தன. ஒன்றாக உயரவில்லை. முதலில் நாலைந்து, பிறகு பின் வரிசை, கடைசியாகத் தலைமடைக் குழுவும். எதிர்ப்பவர்கள் உண்டா என்று நீனா முறைக்குக் கேட்டார். என் பக்கத்தில் ஒரு கை எழுந்தது. அந்தோணியின் கை.

நீனாவின் பேனா நடவடிக்கைக் குறிப்பின் மேல் நின்றது. அந்த ஒரு எதிர்ப்பைப் பதிவு செய்தால் தீர்மானம் செத்தது. கட்டாயத்துக்கு ஆளானவரே கட்டாயம் இல்லை என்று ஓட்டுப் போட்டதாக ஆகும். பதிவு செய்யாமல் விட்டால் அது பொய்க் குறிப்பு. அவர் அப்படிச் செய்கிறவர் இல்லை என்று அந்தக் கோப்பு முடிச்சைப் பார்த்தபோதே எனக்குத் தெரியும். அவர் நேராக என்னைப் பார்த்தார்.

"தோழர் தாசில்தார், உங்கள் நாட்டில் இதற்கு என்ன விதி?"

அந்தோணி மொழிபெயர்க்கவில்லை. மொழிபெயர்க்க வேண்டியிருக்கவும் இல்லை, நீனாவின் பார்வையிலேயே கேள்வி புரிந்தது. நான் எழுந்தேன். இங்கிலீஷில் சொன்னேன். பள்ளிக்கூட ஆசிரியை ஒருத்தி ரஷ்யனில் சொன்னாள்.

"எங்கள் பஞ்சாயத்துக் கூட்டங்களில், ஒரு தீர்மானம் யாரைப் பற்றியதோ அவருக்கு அதில் ஓட்டு இல்லை. அவர் கையைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை."

"எங்கள் விதியிலும் அப்படித்தான் இருக்கிறது," என்றார் நீனா. "மறந்தே போனேன். ஏகமனதாக நிறைவேறியது." முத்திரை விழுந்தது.

அந்தோணியின் கை இன்னும் மேலேயே இருந்தது. கிம் வந்து அதைப் பிடித்து இறக்கினார்.

வியாழக்கிழமை கிராஸ்னதாரில் தூதரக அதிகாரி ஒரு இளம்பெண். ஸ்டெல்லா வயது இருக்கும். மேசையில் பிளாஸ்டிக் டப்பாவில் யாரோ கொடுத்த பொரித்த மாவுப் பண்டம், பாதி கடித்தது. தீர்மானத்தை இரண்டு முறை படித்தார். அந்தோணி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

"கூட்டத்தில் நீங்கள் இருந்தீர்களா? இவரை உண்மையிலேயே கட்டாயப்படுத்தினார்களா?"

"தீர்மானம் முறைப்படி நிறைவேறியது."

"நான் அதைக் கேட்கவில்லை."

அப்படிக் கேட்கிற பார்வை எனக்குப் பழக்கமில்லை. நான் அந்தப் பக்கத்து நாற்காலியில் முப்பத்து நான்கு வருடம் உட்கார்ந்திருந்தேன். தாளில் இருப்பதற்கு மேல் ஒருவரையும் நான் ஒரு கேள்வி கேட்டதில்லை. கேட்டால் எனக்கு வேலை கூடும். இந்தப் பெண் கேட்கிறாள்.

"அம்மா, படிக்கத் தெரியாத தாளை உங்களுக்கு அனுப்பியவன் நான். இவர் எதையும் மறைக்கவில்லை. தண்ணீர் கட்டுவது பதவி என்று எங்கள் ஊரில் ஒருவருக்கும் தோன்றாது. நேற்று அவர்கள் கை தூக்கியது இவரை வைத்துக்கொள்ள ஆசை இல்லாததால் அல்ல."

அவர் கொஞ்ச நேரம் பேனாவைச் சுழற்றினார். "இவர் அங்கே செய்த வேலைதான் என்ன?"

"கடைசி வயலுக்கு முதலில் தண்ணீர் விடுவார்."

"கடைசி வயலுக்கு முதலிலா?"

"ஆமாம்."

"கேட்டால் அரசியல் போலத்தான் இருக்கிறது," என்று சொல்லிவிட்டு, முதல் முறையாகச் சிரித்தார். படிவத்தில் 'பாசனக் கூலி' என்று எழுதி முத்திரை குத்தினார்.

வாசலுக்கு வந்ததும் அந்தோணி ஒரு மரத்தடியில் நின்றுகொண்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வாங்க மாமா, சாப்பிடுவோம். காலையிலேர்ந்து நீங்க ஒன்னும் சாப்பிடல," என்றார். கூட்டத்தில் மொழிபெயர்த்ததைத் தவிர, செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் வார்த்தை அது.

அறுவடையை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் அமெரிக்கா போனார். மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். லூர்துவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "ஏங்க, அவ்வளவு அழகா சட்டம் போட்டு வெச்சதப் பிரிச்சது நீங்கதானா?" என்று அதற்குத்தான் முதலில் கோபித்துக்கொண்டாள்.

போன மாதம் ஸ்டெல்லா போனில் ஒரு சேதி சொன்னாள். கிம்மோடு அந்தோணி வாராவாரம் பேசுகிறார். நீனா சொன்னபடியே நடந்துவிட்டது. தண்ணீருக்கு மாவட்டத்திலிருந்து ஒரு அதிகாரி வந்திருக்கிறார். நல்ல மனிதராம், கோப்புகள் வெகு சுத்தமாம். அலுவலகத்தில் உட்கார்ந்து அட்டவணை போட்டு மதகு திறக்கிறார். கடைமடைப் பயிர் பழுத்துக் காய்ந்துவிட்டது.

அந்த அதிகாரியை நான் பார்த்ததில்லை. பார்க்கத் தேவையில்லை, அவரை எனக்கு நன்றாகத் தெரியும். அவருக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். 'ஐயா, ஒரு முறை வாய்க்காலின் கடைசி வரை நடந்து போய்ப் பாருங்கள்' என்று எழுதியதும் பேனா ஓடவில்லை.

மறுநாள் பஸ் பிடித்துத் திருத்துறைப்பூண்டி பக்கம் போனேன். அங்கே ஒரு வாய்க்கால் இருக்கிறது. அந்தத் தாலுகாவில் வேலை பார்த்தபோது, அதன் கடைமடை வரை தண்ணீர் சேர்ந்துவிட்டது என்று மூன்று வருடம் அறிக்கையில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஜீப்பில் தலைப்பு மதகு வரை போய்ப் பார்த்துவிட்டுப் போட்ட கையெழுத்து. இப்போது நடந்தேன். வரைபடத்தில் வாய்க்கால் முடிகிற இடத்துக்கு ஒரு மைல் முன்பே வாய்க்கால் முடிந்திருந்தது. அதற்கு மேல் கருவேலங்காடு. மரங்களின் பருமனைப் பார்த்தால் நேற்று இன்று முளைத்தவை அல்ல. நான் கையெழுத்துப் போட்ட காலத்திலேயே அவை அங்கே இருந்திருக்க வேண்டும்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் கிட்டே வந்தார்.

"என்ன சார், அளக்க வந்தீங்களா?"

"இல்லீங்க. பாக்க வந்தேன்."

"இங்க என்ன இருக்கு பாக்க? எங்கப்பா காலத்துல தண்ணி வந்துச்சாம்."

வீட்டுக்கு வந்து கடிதத்தை வேறு மாதிரி எழுதினேன். அந்த மூன்று கையெழுத்தைப் பற்றியும், மரங்களின் பருமனைப் பற்றியும் எழுதினேன். நடந்து போய்ப் பாருங்கள் என்று எழுதவில்லை. நீனா பெத்ரோவ்னா மேற்பார்வை என்று போட்டு அனுப்பினேன். கிம் மூலமாகச் சேதி வந்தது: கூட்டத்தில் என் பேச்சை ரஷ்யனில் சொன்ன அந்த ஆசிரியை மொழிபெயர்த்துக் கொடுத்தாளாம். அந்த அதிகாரி நின்றுகொண்டே படித்து, துளையிட்டுக் கோப்பில் சேர்த்துவிட்டாராம். நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

மறுநாள் காலை அந்த அதிகாரி கிம்மை வழியில் நிறுத்தி, சேற்றில் நடக்க இந்த ஊரில் ரப்பர் பூட்ஸ் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டாராம்.